அடுப்படியில் திறந்த வேலைவாய்ப்பு அலுவலகம்

மும்பையின் ஏழைப் பேட்டைகளில் பெண்களே கட்டி வளர்த்த ஸ்தாபனங்கள்

விடியற்காலை மணி 4. மும்பை மாநகரம் இன்னும் கண் விழிக்கவில்லை. ஆனால் தாராவியின் சந்துகளில் ஆவி பறக்கிறது. இட்லிக் கொப்பரைகள் அடுப்பில் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கின்றன. ஒரு பக்கம் சட்னி அரைபடுகிறது. மறுபக்கம் சாம்பார் கொதிக்கிறது. பொழுது விடிந்ததும் பெரிய அலுமினியப் பாத்திரங்களில் இட்லியை அடுக்கி, சைக்கிளிலும் தலையிலும் ஏற்றிக்கொண்டு ஆண்கள் புறப்பட்டு விடுகிறார்கள். ரப்பர் ஹாரனின் "பாம், பாம்" சத்தம் கேட்டாலே தெருவில் உள்ளவர்களுக்குத் தெரியும், இட்லிக்காரர் வந்துவிட்டார் என்று!

தெருவில் வந்து நிற்பவர் ஆண். ஆனால் முதல் நாள் அரிசி ஊறப் போட்டதும், மாவு அரைத்ததும், விடியலில் இட்லி ஊற்றியதும், திரும்பி வந்த பாத்திரத்தைத் துலக்கியதும் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். அவர்களில் ஒருவரிடம், "என்ன வேலை பார்க்கிறீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். "வேலைக்கெல்லாம் போகவில்லை. வீட்டிலேதான் இருக்கிறேன்" என்று பதில் வரும்.

நாள் முழுக்க உழைத்துவிட்டு, வேலை இல்லை என்று சொல்கிற பெண்கள் தாராவியில் மட்டும் இல்லை. மும்பையின் பழைய பேட்டைகள் எல்லாவற்றிலும் இருக்கிறார்கள். கையில் தொழில் உண்டு. அதற்கு முதல் இல்லை, கூலிக்குக் கணக்கு இல்லை, கடனுக்கு ஜாமீன் இல்லை. இந்த மூன்றையும் தேடிக் கொடுப்பதுதான் இவர்களுக்கு உண்மையான வேலைவாய்ப்புச் சேவை என்பதைச் சில ஸ்தாபனங்கள் பல ஆண்டுகளுக்கு முன்பே இந்த நகரத்தில் கண்டுகொண்டன.

சட்டம் தேடிய காலியிடம்

வேலைவாய்ப்பு அலுவலகம் என்றதும் நம்மவர்களுக்கு நீண்ட வரிசையும் பதிவு அட்டையும்தான் நினைவுக்கு வரும். 1959-ம் ஆண்டில் பாராளுமன்றம் ஒரு சட்டம் நிறைவேற்றியது. அரசுத் துறை நிறுவனங்களும், 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனங்களும் தங்களிடம் உள்ள காலியிடங்களை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் வீட்டு வேலைக்கும், மூன்று மாதத்துக்குக் குறைந்த வேலைக்கும் அது பொருந்தாது என்று அந்தச் சட்டத்திலேயே எழுதியிருந்தது. ஏழைப் பேட்டையில் பெண்களுக்குக் கிடைத்ததோ பெரும்பாலும் அந்த இரண்டு வகை வேலைதான். காலியிடம் இருந்தால் அல்லவா தெரிவிப்பதற்கு? பாத்திரம் துலக்குவது, சமைத்துப் போடுவது, அப்பளம் இடுவது, கீரை விற்பது ஆகியவற்றுக்கு எந்த அலுவலகத்தில் போய்ப் பதிவு செய்வது?

அதே 1959-ல், அதே பம்பாயில், ஏழு பெண்கள் இந்தக் கேள்விக்குத் தாங்களாகவே ஒரு விடை கண்டார்கள்.

80 ரூபாய் கடன்

கிர்காவ் பகுதியில் ஒரு பழைய கட்டடம். அதன் மொட்டை மாடியில் 1959 மார்ச் 15-ந் தேதி ஏழு குஜராத்திப் பெண்கள் கூடினார்கள். அதிகம் படிக்காதவர்கள். வீட்டு வேலை முடிந்த பிறகு கிடைக்கும் நேரத்தில் நாலு காசு பார்க்க வேண்டும் என்பதே அவர்கள் எண்ணம். கைவந்த வேலை அப்பளம் இடுவது ஒன்றுதான். சாகன்லால் கரம்சி பரேக் என்ற சமூக சேவகரிடம் 80 ரூபாய் கடன் வாங்கி மாவும் சாமானும் வாங்கினார்கள். முதல் நாள் உருவானது நாலே நாலு பாக்கெட்!

அதுதான் இன்று நாடெங்கும் தெரிந்த லிஜ்ஜத் அப்பளம். முதல் ஆண்டு விற்பனை 6,196 ரூபாய். இப்போது 40 ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள் அதில் உறுப்பினர்கள். அந்த ஏழு பேரில் ஒருவரான ஜஸ்வந்தி பென் ஜம்னாதாஸ் போபட் அம்மையாருக்கு 2021-ல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

விற்பனைத் தொகையைவிட, ஆரம்பத்திலேயே அவர்கள் வகுத்துக்கொண்ட விதிகள்தான் கவனிக்கத் தக்கவை. நஷ்டமே வந்தாலும் யாரிடமும் நன்கொடை கேட்பதில்லை என்பது முதல் விதி. லாபமானாலும் நஷ்டமானாலும் உறுப்பினர்களுக்கே உரியது என்பது அடுத்த விதி. சேருகிறவரின் சாதி, மதம் பார்ப்பதில்லை. உறுப்பினர் எல்லாரும் ஒருவருக்கொருவர் "பென்", அதாவது சகோதரி. ஆண்களைச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளலாம். உறுப்பினராகச் சேர்க்க முடியாது.

வேலை நடக்கும் முறையும் எளிதானது. மாவு பிசைவது கிளையில். காலையில் பெண்கள் அங்கே வந்து, முந்தின நாள் இட்டுக் காயவைத்த அப்பளத்தைக் கொடுத்துவிட்டு, அதற்கு உரிய கூலியைக் கணக்குப் பார்த்துக்கொண்டு, அன்றைக்கு வேண்டிய மாவை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். குழந்தையைப் பார்த்துக்கொண்டே வேலை நடக்கிறது.

சரி, குடிசையில் அப்பளம் காயவைக்க இடம் ஏது? இந்தக் கேள்வி இயற்கையாக எழும். வீட்டில் சுத்தமான இடவசதி இல்லாதவர்களுக்கு மாவு பிசைதல், தரம் பார்த்தல், பாக்கெட் போடுதல் ஆகிய வேலைகள் உண்டு. இடம் இல்லை என்பதற்காக யாரும் திருப்பி அனுப்பப்படவில்லை.

முதல் ஆண்டு பம்பாய் மழை அவர்களைச் சோதித்தது. வெயில் இல்லாமல் அப்பளம் எப்படிக் காயும்? நான்கு மாதம் தொழிலே நின்று போயிற்று. மறு ஆண்டு ஒரு கட்டிலும் ஓர் அடுப்பும் வாங்கினார்கள். கட்டில் மேல் அப்பளம், கட்டிலுக்குக் கீழே அடுப்பு. மழைக் காலத்திலும் கூலி நிற்கவில்லை!

இதிலும் குறை இல்லாமல் இல்லை. இட்ட அளவுக்குத்தான் கூலி. உடம்புக்கு முடியாமல் படுத்துவிட்டால் அன்றைய வருமானம் போயிற்று. என்றாலும், தன் உழைப்பு தராசில் ஏறி, நோட்டில் எழுதப்பட்டு, கையில் காசாக வருவதை அந்தப் பெண்கள் முதல் தடவையாகக் கண்டார்கள்.

சமைத்துப் போட்ட கானாவளிகள்

கிர்காவிலிருந்து கிழக்கிலும் வடக்கிலும் போனால் பைகுல்லா, லால்பாக், பரேல். ஒரு காலத்தில் இந்தப் பகுதி முழுவதும் மில் புகைபோக்கிகள். பம்பாயின் முதல் பஞ்சாலை 1856-ல் தார்தேவ் பகுதியில் ஓடத் தொடங்கியது. அதன் பிறகு மேலும் மேலும் ஆலைகள் எழும்பி, இந்தப் பேட்டைக்கே "கிரண்காவ்" என்று பெயர் வந்தது. மில் ஊர் என்று அர்த்தம்.

கொங்கணத்திலிருந்தும் சத்தாரா, கோலாப்பூர் பக்கங்களிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் பலர் மனைவி மக்களைக் கிராமத்தில் விட்டு வந்தவர்கள். சால் வீட்டில் ஒரே அறையைப் பத்துப் பதினைந்து பேர் பகிர்ந்துகொள்வார்கள். ஒரு ஷிப்டு வேலைக்குப் போனால், மற்ற ஷிப்டு வந்து படுக்கும். இவர்களுக்கு இரண்டு வேளையும் சமைத்துப் போட்டவர்கள் அதே சால்களில் இருந்த பெண்கள். இவர்களுக்குக் "கானாவளி" என்று பெயர். பலர் விதவைகள், பலர் வேலை இழந்த கணவனைக் காப்பாற்றியவர்கள்.

தொழிலாளி மாதச் சம்பளம் வாங்கிய பிறகுதான் சாப்பாட்டுப் பணம் கொடுப்பார். ஆனால் அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய்க்குத் தினமும் காசு வேண்டும். மளிகைக் கடையில் கடன்; அது போதாமல் வட்டிக்காரரிடம் கடன். மாதம் பிறந்து சாப்பாட்டுப் பணம் வந்ததும் பாதி வட்டிக்கே போய்விடும். தாலியும் பாத்திரமும் அடகுக் கடையிலேயே கிடக்கும்.

1969-ல் 14 பெரிய வங்கிகள் தேசியமயமாயின. ஏழைகளுக்கும் வங்கிக் கதவு திறக்கும் என்றார்கள். 1972-ல் மிக ஏழைகளுக்கு 4 சதவீத வட்டியில் கடன் தரும் திட்டமும் வந்தது. ஆனால் கானாவளிப் பெண் வங்கிக்குப் போனால் என்ன கேட்பார்கள்? சொத்து உண்டா, ஜாமீன் யார், கையெழுத்துப் போடத் தெரியுமா? மூன்றுக்கும் அவளிடம் பதில் இல்லை.

அந்தப் பதிலைத் தேடித் தந்தவர் பிரேமா புராவ் அம்மையார். கோவா விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டவர். பின்பு பம்பாயில் தொழிற்சங்கத் தொண்டு செய்தவர். வேலைநிறுத்த நாட்களில் சம்பளம் இல்லாத தொழிலாளிக்குக் கடனாகச் சோறு போட்டுக் காப்பாற்றியவர்கள் இந்தக் கானாவளிகள்தான் என்பதை அவர் கண்ணால் கண்டவர். தொழிலாளிக்குச் சங்கம் இருக்கிறது. தொழிலாளிக்குச் சோறு போடுகிறவளுக்கு என்ன இருக்கிறது என்று அவர் யோசித்தார்.

1975-ல் அன்னபூர்ணா மகிளா மண்டல் பிறந்தது. முதலில் சேர்ந்தவர்கள் 14 பெண்கள். பாங்க் ஆப் பரோடாவிலிருந்து அவர்களுக்குக் கடன் கிடைத்தது. சொத்து ஜாமீன் இல்லாத இடத்தில் ஆள் ஜாமீன். ஒரே சாலில், ஒரே சந்தில் உள்ள பெண்கள் சிறு குழுவாகச் சேர்ந்து ஒருவருக்கொருவர் பொறுப்பு ஏற்றார்கள். ஒருத்தி தவணை தவறினால் மற்றவர்கள் அவள் வீட்டு வாசலில் நிற்பார்கள். பக்கத்து வீட்டுக்காரியின் முகத்தில் எப்படி விழிப்பது என்ற எண்ணமே தவணையைக் கட்ட வைத்தது!

வட்டிக்காரரிடம் போய்க்கொண்டிருந்த பணம் வீட்டில் தங்கியது. அதைவிடப் பெரிய மாற்றம், "சோறு ஆக்கிப் போடுகிறேன்" என்று தாழ்ந்த குரலில் சொல்லி வந்த பெண்ணின் பெயர் வங்கிப் புத்தகத்தில் தொழில் செய்பவள் என்று ஏறியது. பிரேமா புராவ் அம்மையாருக்கு 2002-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

ஆலைச் சங்கு நின்ற நாள்

ஆனால் ஸ்தாபனம் எவ்வளவு பலமாக இருந்தாலும் பேட்டையின் பிழைப்பே கவிழ்ந்துவிட்டால் என்ன ஆகும்?

1982 ஜனவரி 18-ந் தேதி டாக்டர் தத்தா சாமந்த் தலைமையில் பம்பாய் பஞ்சாலைத் தொழிலாளர் சுமார் 2½ லட்சம் பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். வாரங்கள் மாதங்களாயின, ஓராண்டைக் கடந்தும் முடிவு இல்லை. வேலைநிறுத்தம் முடிந்தது என்று முறையான அறிவிப்பே கடைசிவரை வரவில்லை. ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. தொழிலாளர் பலர் கிராமத்துக்குத் திரும்பினர்.

சாப்பிட வந்தவர்கள் போய்விட்டார்கள். அவர்கள் வைத்த பாக்கி மட்டும் கானாவளிகளின் நோட்டில் நின்றது. பல ஆண்டுகளாகத் தங்களிடம் கைநனைத்தவனைப் பசியோடு அனுப்ப அந்தப் பெண்களுக்கு மனம் வரவில்லை. கடனுக்குப் போட்ட சோறு திரும்பி வரவில்லை.

அன்னபூர்ணா அதோடு முடிந்து போகவில்லை. சமையல் ஒப்பந்தம், பெண்களுக்குத் தொழிற்பயிற்சி, வேலை பார்க்கும் பெண்களுக்கு விடுதி, கூட்டுறவுக் கடன் சங்கம் என்று பாதையை மாற்றிக்கொண்டது. பீனிக்ஸ் மில் ஓடிய வளாகத்தில் இன்று பளபளக்கும் அங்காடி நிற்கிறது. ஆனால் பாதை மாற முடியாமல் போன பெண்கள் எத்தனையோ பேர். ஒரே முதலாளியை, ஒரே ஆலையை நம்பிய பேட்டைக்கு உதவி செய்ய வரும் ஸ்தாபனம், அந்த ஆலை நின்றால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே யோசித்தாக வேண்டும். 1982 கற்பித்த பாடம் இது.

நடைபாதையும் நாள் கூலியும்

வேலையும் இருப்பிடமும் பிரிக்க முடியாதவை என்பதை உணர்த்திய வழக்கு ஒன்றும் இதே நகரத்தில் நடந்தது. 1981-ல் பம்பாய் நடைபாதைவாசிகளை அப்புறப்படுத்த மாநில அரசு உத்தரவிட்டது. குடிசைகள் பிரிக்கப்பட்டன. ஊரில் வறட்சி காரணமாக வேலை இழந்து, சேலத்திலிருந்து வந்து நடைபாதையில் குடும்பத்தோடு வாழ்ந்த ஒரு தமிழ்த் தொழிலாளியும் பஸ் ஏற்றி ஊருக்கு அனுப்பப்பட்டார். சில நாளில் அவர் திரும்பி வந்துவிட்டார். காரணம், ஊரில் வேலை இல்லை, இங்கேதான் வேலை!

உச்ச நீதிமன்றம் 1985 ஜூலையில் தீர்ப்புச் சொன்னது. வாழும் உரிமையில் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்று ஏற்றுக்கொண்டது. அதே சமயம், உரிய நோட்டீஸ் கொடுத்து நடைபாதைக் குடிசைகளை அகற்றும் அதிகாரம் மாநகராட்சிக்கு உண்டு என்றும் கூறியது. உரிமை கிடைத்தது, இடம் கிடைக்கவில்லை.

அந்த நாட்களில்தான் பைகுல்லா நடைபாதைப் பெண்கள் ஒன்று சேர்ந்தார்கள். 1984-ல் தொடங்கப்பட்ட "ஸ்பார்க்" என்ற ஸ்தாபனம் அவர்களுக்குத் துணை நின்றது. "மகிளா மிலன்" என்ற பெயரில் அவர்கள் சேமிப்புச் சங்கம் நடத்தினார்கள். அன்றாடம் கிடைத்ததில் கையில் மிஞ்சிய சில்லறையைப் பெண்களே வீடு வீடாகப் போய் வசூலித்துக் கணக்கு வைத்தார்கள். அந்தப் பணத்திலிருந்து ஒருத்திக்கு மருந்துச் செலவு. இன்னொருத்திக்குக் காய்கறிக் கூடைக்கு முதல்.

இவர்களோடு தோளோடு தோள் நின்றவர் ஜாக்கின் அற்புதம். கோலார் தங்கவயலில் பிறந்து, இளம் வயதில் பம்பாய் வந்து, சேரியிலேயே வாழ்ந்த தமிழர். சேரிவாசிகளின் தேசிய சம்மேளனத்தை உருவாக்கியவர். 2000-ல் மகசேசே விருதும் 2011-ல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார், 2018-ல் காலமானார்.

படிப்பை விட்ட பிள்ளைகள்

பெண்கள் கதை இப்படி. பத்தாவது கூடத் தேறாத வாலிபர்கள் என்ன செய்வார்கள்? பாந்திரா பக்கம் கெர்வாடியில் 1928-ல் பி.ஜி.கெர் தொடங்கிய சமூக நலச் சங்கம் ஒன்று இருக்கிறது. கெர் பின்னாளில் பம்பாய் மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தவர். அந்தச் சங்கம் 1998-ல் "யுவ பரிவர்த்தன்" என்ற திட்டத்தை ஆரம்பித்தது.

பள்ளிப் படிப்பை நடுவில் விட்டவர்களுக்குக் குறுகிய காலத்தில் ஒரு கைத்தொழில்: மின்சார வேலை, தையல், நோயாளிகளைக் கவனிக்கும் வேலை என்று இப்படி. பயிற்சி முடிந்ததும் வேலை தேடிக் கொடுக்கவும் ஏற்பாடு. மதிப்பெண் பட்டியலைக் கேட்காமல், கையில் என்ன வேலை தெரியும் என்று கேட்கிற இடம் ஏழைப் பிள்ளைக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதைப் பரீட்சையில் தவறிய பிள்ளையைப் பெற்றவர்கள் அறிவார்கள்.

தாராவிக்கு என்ன வழி?

இனி மீண்டும் தாராவி அடுப்படிக்கு வருவோம்.

தாராவி மறுசீரமைப்புக்கான டெண்டர் 2022-ல் முடிவானது. 2024-ல் வீட்டுக்கு வீடு கணக்கெடுப்பு தொடங்கியது. படிவத்தோடு வருகிறவர் வாசலில் நின்று கேட்கும்போது, இட்லி ஊற்றும் பெண் வழக்கம்போல, "வீட்டிலேதான் இருக்கிறேன்" என்று சொல்லிவிட்டால் என்ன ஆகும்? பத்துக்குப் பத்து அறையில் குடும்பமும் உண்டு, தொழிலும் உண்டு என்பது யார் கணக்கில் ஏறும்? மாடிக் குடியிருப்பில் விடியற்காலை 4 மணிக்குப் பத்துக் கொப்பரை ஏற்ற இடம் கிடைக்குமா? இது இட்லி ஊற்றுகிறவருக்கு மட்டும் உள்ள கவலை அல்ல. முறுக்குச் சுற்றுகிறவருக்கும், வீட்டில் தைக்கிறவருக்கும் இதே கவலைதான்.

இங்கேதான் ஸ்தாபனம் வேண்டியிருக்கிறது. கிர்காவ் பெண்கள் செய்ததுபோல் உழைப்பைத் தராசில் ஏற்றிக் கணக்கெழுத வேண்டும். பரேல் பெண்கள் செய்ததுபோல் ஒருவருக்கொருவர் ஜாமீன் நின்று வங்கிக்குப் போக வேண்டும். பைகுல்லா பெண்கள் செய்ததுபோல் தங்கள் வீடுகளைத் தாங்களே எண்ணி, அதிகாரிகள் முன் வைக்க வேண்டும். ஒருத்தி தனியாகச் சொன்னால் அது முறையீடு. நூறு பேர் கணக்கோடு சொன்னால் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

சில வசதிகள் ஏற்கனவே இருக்கின்றன. சிறிய அளவில் உணவு தயாரித்து விற்பவர்களுக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி எளிய பதிவு உண்டு. தெரு வியாபாரிகளுக்கு 2020-ல் மத்திய அரசு தொடங்கிய திட்டத்தில் முதல் கடனாக 10 ஆயிரம் ரூபாய் ஜாமீன் இல்லாமல் கிடைத்தது. ஆனால் விண்ணப்பம் எழுதவும், காகிதம் சேர்க்கவும், கவுண்டரில் நிற்கவும் யாராவது துணைக்கு வேண்டும். ஒரு நாள் வியாபாரத்தை விட்டுவிட்டு வரிசையில் நிற்க இட்லிக்காரரால் முடியாது.

மும்பைத் தமிழரிடையே சங்கங்களுக்குப் பஞ்சம் இல்லை. பொங்கலுக்கும் கோவில் கொடைக்கும் பந்தல் போடத் தெரிந்த சங்கங்கள், வாரத்தில் ஒரு மாலை ஒரு மேஜையும் இரண்டு நாற்காலியும் போட்டு, விண்ணப்பம் எழுதத் தெரிந்த ஒரு பிள்ளையை உட்கார வைத்தால் போதும். பெரிய கட்டடம் தேவையில்லை. லிஜ்ஜத் மொட்டை மாடியில்தான் பிறந்தது.

இன்று இரவும் தாராவியில் அரிசி ஊறும். நாளை விடியற்காலை 4 மணிக்கு அடுப்பு எரியும். அந்த அடுப்பின் முன் நிற்கும் பெண்ணிடம் அடுத்த தடவை யாராவது வேலை என்னவென்று கேட்டால், "இட்லி வியாபாரம் செய்கிறேன்" என்று அவர் சொல்ல வேண்டும். கேட்கிறவரும் அதை அப்படியே படிவத்தில் எழுத வேண்டும்.